ஸ்லைம்ஸ் சகதியைக் கழுவி வடிகட்டிக் கொட்டினால் போதுமா? தென்னாப்பிரிக்க விதிகள்

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலோ பெனோனி ஆக்டன்வில்லிலோ குடியிருப்பவர்களுக்கு மஞ்சள் மைன் டம்ப் (சுரங்கக் கழிவு மேடு) புதிதல்ல. தங்கம் பிரித்தபின் மிஞ்சும் நுண்ணிய ஈரச் சகதிதான் ஸ்லைம்ஸ். அருகிலுள்ள சுரங்கம் "இனி சகதியைக் கழுவி, வடிகட்டி, உலர்ந்த மண்ணாக அடுக்கப் போகிறோம்" என்று அறிவித்தால் எதைக் கேட்க வேண்டும்?

சகதியைத் திக்கனர் தொட்டியில் கெட்டியாக்கி, ஃபில்டர் பிரஸ் துணிகளுக்கு நடுவே அழுத்தினால், ஈரம் 15–20 சதவீதம் அளவுக்கு இறங்கிய 'கேக்' கிடைக்கும். அதனூடே சுத்தமான நீரைத் தள்ளினால் துளைகளில் தேங்கிய, தங்கத்தைப் பிரிக்கப் பயன்படுத்திய சயனைடும் கரைந்த உப்புகளும் வெளியேறும். கேக்கில் வெடிப்பு விழுந்தால் நீர் அந்த வழியே ஓடிவிடும். மற்ற பகுதி கழுவப்படாது. களிமண் மிகுந்தால் துணி அடைத்துக்கொள்ளும். ஈரம் மிஞ்சிய கேக் சரியாக இறுகாது, மழையில் சரியவும் கூடும்.

ஆனால் விட்வாட்டர்ஸ்ராண்ட் (ஜோகன்னஸ்பர்க் சுற்றுவட்டத் தங்கவயல்) தங்கச் சகதியில் பெரிய தொல்லை பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம். அது கழுவினால் போகாது. காற்றும் நீரும் பட்டு, பல ஆண்டுகள் அமிலமாகக் கசியும். அதனால் "கழுவிவிட்டோம்" என்ற பேச்சை அப்படியே ஏற்கக் கூடாது.

கழிவு மேட்டுக்கான அடிப்படை விதி 2015 ஜூலை 24 அன்று வந்த ஆர்632 என்ற அரசு அறிவிப்பு. கழிவின் இயற்பியல், வேதியியல் தன்மையைச் சோதித்து, மாசு பரவாதபடி மேட்டை வடிவமைக்க அது கோருகிறது. 2018 திருத்தத்துக்குப் பிறகு, எந்தத் தடுப்பு ஏற்பாடு தேவை என்பதைத் தகுதியுள்ள வல்லுநர் அந்தந்த இடத்தின் ஆபத்தை ஆராய்ந்து பரிந்துரைக்க வேண்டும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது அந்த ஆபத்து ஆய்வறிக்கை. கூடவே, பைரைட்டால் பின்னாளில் எவ்வளவு அமிலம் வரும் என்ற சோதனை முடிவும்.

கழுவிய நீர் தனிப் பிரச்சினை. மண்ணிலிருந்து போன சயனைடு இப்போது அந்த நீரில் இருக்கிறது. 1999இன் அரசு அறிவிப்பு 704 படி அழுக்கு நீரும் சுத்த நீரும் கலக்கக் கூடாது. அழுக்கு நீர்த் தொட்டி 50 ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் வழியாத அளவில் இருக்க வேண்டும். நிறைமட்டத்துக்கு மேல் குறைந்தது 0.8 மீட்டர் இடைவெளியும் வேண்டும். கழிவு மேடு ஓடை, கிணறு, போர்வெல் ஆகியவற்றிலிருந்து 100 மீட்டருக்குள்ளும், நூறாண்டு வெள்ளக் கோட்டுக்குள்ளும் (நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் எட்டும் எல்லை) வரக் கூடாது. அமைச்சர் விலக்கு அளித்திருந்தால் அதன் நகலைக் கேளுங்கள். நீரைக் கெடுக்கக்கூடிய வகையில் கழிவைக் கொட்டுவது பற்றிய, நீர்ச் சட்டத்தின் 21(ஜி) பிரிவின் கீழ் உரிமமும் தேவைப்படும்.

சுற்றுச்சூழல் அனுமதி கோரும் கட்டத்தில் பாதிக்கப்படும் தரப்பாகப் பெயர் பதிவு செய்யுங்கள். வரைவு அறிக்கைக்குக் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் கிடைக்கும். ஆவணம் தர மறுத்தால் 2000ஆம் ஆண்டின் தகவல் பெறும் சட்டப்படி (பாயா) விண்ணப்பிக்கலாம். அதற்கும் பொதுவாக 30 நாளில் பதில் வர வேண்டும்.

தூசியையும் விடாதீர்கள். உலர்ந்த மேடு ஆகஸ்ட் காற்றில் பறக்கும். 2013 தூசி விதிகளின்படி குடியிருப்பில் 30 நாள் சராசரி, சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 600 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஆண்டில் இரண்டு மாதம் மீறலாம், அவை அடுத்தடுத்த மாதங்களாக இருக்கக் கூடாது. விழும் தூசியைச் சேகரித்து அளக்க வைக்கும் வாளிகளின் மாத அளவீடுகளையும் சேர்த்தே கேளுங்கள்.