பெயர் இல்லாத பதக்கம் போலியல்ல

இந்த மாதமும் ஒருவர் வந்தார். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் கடற்படையின் ‘நார்ஃபோக்’ என்ற குரூஸர் வகைப் போர்க்கப்பலில் மாலுமியாக இருந்தவர். “பதக்கத்தில் பெயரே இல்லை, டூப்ளிகேட்தானே? கடையில் கொடுத்துப் பெயரைப் பொறித்துவிடலாமா?” என்று கேட்டார். நல்லவேளை, பொறிப்பதற்கு முன்பே வந்தார். பலர் பொறித்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள்.

தயவுசெய்து இதை மனதில் வையுங்கள். முதல் உலகப்போர்ப் பதக்கங்களில் வீரரின் எண்ணும் பெயரும் இருக்கும். இரண்டாம் போருக்காகப் பிரிட்டன் தன் மாலுமிகளுக்குக் கொடுத்த 1939-45 ஸ்டார், அட்லாண்டிக் ஸ்டார் என்ற நட்சத்திர வடிவப் பதக்கங்கள், போர்ப் பதக்கம் எதிலும் பெயர் கிடையாது. பெயரில்லாமலேதான் கொடுத்தார்கள். ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் தங்கள் வீரர்களுக்குப் பெயர் பொறித்தே கொடுத்தன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்து நம்முடையது போலி என்கிறார்கள். வீரச்செயலுக்கான பதக்கத்திலும் கடற்படையின் நீண்ட சேவைப் பதக்கத்திலும் பெயர் இருக்கும், அது வேறு கணக்கு. ஸ்டாரின் பின்புறம் வெறுமையாக இருப்பதுதான் முறை. இன்று அதில் நீங்கள் பெயரைப் பொறித்தால், நாளைக்கு அதைப் பார்ப்பவருக்குச் சந்தேகம்தான் வரும்.

அப்படியானால் அது தாத்தாவுடையது என்பதற்கு என்ன சாட்சி? காகிதம்தான். அவர் கொண்டுவந்த பெட்டியின் அடியில் சேவைச் சான்றிதழ் மடித்துக் கிடந்தது. எந்தக் கப்பலில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று வரிசையாக மையால் எழுதியிருந்தது. ‘நார்ஃபோக்’ வரியில் 1943 டிசம்பரும் அடங்குகிறது. அந்த மாதம் 26ஆம் தேதி, நார்வேயின் வடமுனைக்கு அப்பால், ஜெர்மனியின் ‘ஷார்ன்ஹார்ஸ்ட்’ கப்பலோடு நடந்த சண்டையில் நார்ஃபோக்கும் குண்டடி பட்டது. இரவில் ஷார்ன்ஹார்ஸ்ட் மூழ்கியபோது அதிலிருந்த 1,900க்கும் மேற்பட்டவர்களில் 36 பேர்தான் பிழைத்தார்கள். இதில் ஒரு சொல்கூடப் பதக்கத்தில் இல்லை. அந்தக் காகிதத்தைத்தான் குப்பை என்று நினைத்திருந்தார்!

இன்னொன்று. சான்றிதழில் இருக்கும் பெயர்கள் எல்லாம் கப்பல்கள் அல்ல. ‘பெம்புரோக்’ என்பது இங்கிலாந்தின் சாத்தமில் இருந்த கடற்படைக் குடியிருப்பு, ‘ஹைஃபிளையர்’ என்பது நம் திருகோணமலையில் இருந்த கடற்படைத் தளம். இரண்டுமே கரையில்தான்.

சரி, பாலிஷ். ஸ்டார்கள் செம்பும் துத்தநாகமும் கலந்தவை, காலப்போக்கில் கறுக்கத்தான் செய்யும். புளி போட்டு விளக்க இது குத்துவிளக்கு இல்லை. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் கிரீடமும் எழுத்தும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும். பாலிஷ் இடுக்கில் தங்கி வெள்ளையாகக் காய்ந்துவிடும், ரிப்பனிலும் ஊறிவிடும். அட்லாண்டிக் ஸ்டாரின் ரிப்பனில் நீலம், வெள்ளை, கடற்பச்சை மூன்றும் ஒன்றோடொன்று இழைந்திருக்கும். கறை ஏறிய ரிப்பனைப் பழையபடி ஆக்க என்னால் முடியாது. துவைக்கவும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டினால் போதும். பிவிசி உறையில் போடாதீர்கள், பச்சை பிடிக்கும். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி வையுங்கள்.

அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று மட்டும் பிரித்துவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பெயரில்லாத பதக்கங்களுக்குக் கூட இருப்பவைதான் அடையாளம். சான்றிதழ், அஞ்சலில் வந்த அட்டைப்பெட்டி, அதிலிருந்த சீட்டு, புகைப்படம் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

அப்புறம், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே போனவர்களுக்கான ஆர்க்டிக் ஸ்டாரை 2013இல்தான் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பே இறந்துபோன மாலுமியின் பெட்டியில் அது இருக்காது. குடும்பத்தார் பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்திடம் விண்ணப்பிக்கலாம். அதற்கும் அந்தச் சான்றிதழின் பிரதி கைகொடுக்கும்.