நீர்க்கடுப்புக்குக் குடிக்கும் சிரப் யாருக்கு ஆபத்து?

வெயில் காலத்தில் சிறுநீர் எரிச்சலோடு போனால் மெடிக்கல் ஷாப்பில் ஒரு சிரப் வாங்கிக் குடிப்பது நம் ஊரில் சாதாரணம். அதில் இருப்பது பெரும்பாலும் டைசோடியம் ஹைட்ரஜன் சிட்ரேட். சிறுநீரகக் கல் இருப்பவர்களுக்கு டாக்டர்கள் பொட்டாசியம் சிட்ரேட் எழுதித் தருவார்கள். இரண்டுமே சிறுநீரைக் காரமாக்குபவை, அதாவது அதன் அமிலத்தன்மையைக் குறைப்பவை.

எலுமிச்சைக்குப் புளிப்பு தரும் சிட்ரிக் அமிலத்தின் உப்புதான் சிட்ரேட். உடலுக்குள் போனதும் அது அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட்டாக மாறுகிறது. இரத்தத்தின் பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்; கூடினால் காரம்) 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் இருந்தாக வேண்டும். அதனால் மிஞ்சும் பைகார்பனேட்டைச் சிறுநீரகம் வெளியே தள்ளிவிடுகிறது. சிறுநீர் காரமாவது இப்படித்தான். சிறுநீரின் பிஎச் 6.5-ஐ ஒட்டி வந்தால் யூரிக் அமிலக் கற்கள் கரையவும் தொடங்கும்.

சரி, இதில் ஆபத்து எங்கே? சிட்ரேட் தனியாக வருவதில்லை, கூடவே சோடியமோ பொட்டாசியமோ வருகிறது. பெரும்பாலான சிக்கல் அதில்தான்.

இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்கலாம். அதற்கு மேல் போகப் போக இதயத் துடிப்பின் தாளம் கெடும், இதயம் நின்றும் போகலாம். முன்கூட்டியே அறிகுறி தெரிய வேண்டும் என்பதும் இல்லை. மிஞ்சும் பொட்டாசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகம்தான். அது பழுதாகியிருந்தால் 1080 மில்லிகிராம் பொட்டாசியம் சிட்ரேட் மாத்திரை ஒன்றில் வரும் 10 மில்லிமோல்கூடத் தேங்கத் தொடங்கும். பிரஷருக்கு டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில் சாப்பிடுபவர்களும், இதய நோய்க்கு ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். அந்த மருந்துகளே பொட்டாசியத்தை உடலில் நிறுத்தி வைப்பவை. பல வருடச் சர்க்கரை நோயில் சிறுநீரகம் பாதி பழுதான பிறகும் ஒன்றும் தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. எனக்கு அதிகம் கவலை தருவது இவர்களைப் பற்றித்தான்.

பொட்டாசியம் மாத்திரை வயிற்றுப்புண்ணையும் மோசமாக்கக்கூடும்.

சோடியம் உள்ள சிரப் வேறு விதம். அது உடலில் நீரைத் தேக்கும். இதயம் பலவீனமானவர்களுக்கும், கல்லீரல் சுருங்கி வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கும் வீக்கமும் மூச்சிரைப்பும் கூடும். வாயுக்கு என்று கரைத்துக் குடிக்கும் சமையல் சோடாவும் இதே கதைதான்: 1 கிராமில் சுமார் 270 மில்லிகிராம் சோடியம். ஒரு நாள் முழுவதற்கும் 2000 மில்லிகிராமுக்குள் நிறுத்தச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்புறம், கிருமித் தொற்று. புரோட்டியஸ் போன்ற பாக்டீரியா யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கும். சிறுநீர் ஏற்கெனவே காரமாகியிருக்கும். அதில் மேலும் காரம் சேர்ந்தால் பாஸ்பேட் கற்கள் வளரும். எரிச்சலோடு காய்ச்சலோ விலாவலியோ இருந்தால் சிரப்பை நம்பி நாளைக் கடத்தக் கூடாது.

பலருக்கும் தெரியாத ஒரு கூட்டணியும் உண்டு. நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் சில ஜெல்களில் அலுமினியம் ஹைட்ராக்சைடு இருக்கிறது. சாதாரணமாகக் குடல் அதை அதிகம் உறிஞ்சாது. சிட்ரேட் கூடச் சேர்ந்தால் உறிஞ்சிவிடும். சிறுநீரக நோயாளியின் உடலில் அந்த அலுமினியம் தங்கி மூளையைப் பாதிக்கும்.

இத்தனைக்கும், சிறுநீரக நோயாளியின் இரத்தத்தில் அமிலம் கூடினால் டாக்டர்களே சோடியம் பைகார்பனேட் (அதே சமையல் சோடா) மாத்திரை கொடுப்பதுண்டு. ஆனால் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் ஒரு கழிவு), பொட்டாசியம், பைகார்பனேட் அளவுகளை இரத்தப் பரிசோதனையில் பார்த்து அளவைத் தீர்மானிக்கிறார்கள்; இடையிடையே மறுபடியும் பரிசோதித்து மாற்றுகிறார்கள்.