ஓட்டை விழுந்த கம்பளி ஆடையைக் குப்பையில் போடாதீர்கள்

பழைய கம்பளி ஆடைகளிலிருந்து மீண்டும் நூலும் துணியும் உருவாக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், மூட்டைகளை அவிழ்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. முழங்கையில் ஓட்டை விழுந்தது, ஓரம் பிரிந்தது, சாயம் வெளுத்தது என்று பலரும் தயங்காமல் குப்பையில் போட்டுவிடும் ஆடைகள்தாம் எங்களுக்கு நல்ல மூலப்பொருள். மாறாக, கிழிசல் ஒன்றும் இல்லையே என்று பத்திரமாக மடித்துக் கொடுக்கப்படுபவற்றில் பல, வெந்நீரில் துவைத்ததால் சுருங்கி அட்டைபோல் இறுகிப் போனவை. எப்படியும் கிழிக்கத்தான் போகிறோம் என்பதால் ஓட்டை எங்களுக்கு ஒரு பொருட்டே அல்ல; இழையின் நீளம்தான் பொருட்டு.

பொத்தான், ஜிப், உள்துணி, தையல் நூல் ஆகியவற்றை நீக்கிய பிறகு, இழைகள் அறுந்துபோகாமல் வழுக்கிப் பிரிவதற்காக எண்ணெய் கலந்த நீரைத் தெளித்து, கூரிய எஃகுப் பற்கள் பதித்த உருளை வேகமாகச் சுழலும் இயந்திரத்துக்குள் துணியைச் செலுத்துகிறோம். மறுமுனையில் பஞ்சுபோல் வந்து விழுவதில் ஒரு சிட்டிகை எடுத்து, விரல்களால் மெல்ல இழுத்துக் கறுப்பு அட்டைமேல் பரப்பிப் பார்ப்பது என் வழக்கம். புதிய மெரினோ கம்பளியில் இழை 7 சென்டிமீட்டர் அளவுக்கு இருக்கும் என்றால், தளர்வான பின்னலாடையிலிருந்து கிடைப்பது பெரும்பாலும் 2 அல்லது 3 சென்டிமீட்டரைத் தாண்டாது. இறுகிப்போன ஆடையிலிருந்து வருவதோ பாதி தூசு, பாதி முடிச்சு. அதை நூற்க முடியாது. மெத்தைக்குள் அடைக்கவோ ஒலித்தடுப்புப் பலகை செய்யவோதான் அது பயன்படும்.

இந்த வேறுபாடு இத்தொழிலுக்குப் பழையது. 1813-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேட்லியில் பெஞ்சமின் லா என்பவர், கந்தைக் கம்பளியைக் கிழித்துப் புதிய கம்பளியோடு கலந்து நூற்கும் முறையைக் கொண்டுவந்தார். அப்படிக் கிடைத்த கம்பளிக்கு ஷாடி என்று பெயர். இறுக்கமான துணிகளிலிருந்து எடுக்கும் குட்டை இழைக்குப் பின்னர் மங்கோ என்று தனிப்பெயரே வந்தது. இன்று இத்தாலியின் பிராட்டோவும் நம் நாட்டின் பானிபட்டும் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றவை. ஆங்கிலத்தில் ஷாடி என்ற சொல் மட்டரகம் என்ற பொருளைப் பெற்றுவிட்டது. நல்ல இழையைத் தேர்ந்து, போதிய அளவு புதிய கம்பளியைச் சேர்த்து நெய்த துணிக்கு அந்தப் பழி பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து.

தரம் பிரிக்கும் மேசையில் நிறவாரியாகப் பிரிப்பதுதான் பெரிய வேலை. பல நீலங்களைச் சரியான விகிதத்தில் கலந்து சீவினாலே வேண்டிய நீலம் கிடைத்துவிடும் என்பதால், சாயமேற்றுவதற்காகக் கொதிநீரும் வேதிப்பொருளும் செலவிட வேண்டியதில்லை. ஐயத்துக்குரிய ஆடையில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்ப்போம். கம்பளியானால் முடி கருகும் நாற்றம் எழும், தீயை விலக்கியதும் அணையும், சாம்பல் விரலில் பொடியும். அக்ரிலிக் போன்ற செயற்கை இழையானால் உருகிக் கெட்டியான மணியாக நின்றுவிடும். பருத்தி கலந்திருந்தால் அமிலத்தில் நனைத்துச் சூடேற்றிப் பருத்தியைக் கருக்கி உதிர்த்துவிடலாம், கம்பளி அதைத் தாங்கும். செயற்கை இழைக்கு அந்த வழி இல்லை. மூன்று நான்கு வகை இழைகளைக் கலந்து ஆடை தயாரிப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது எளிது. குளிர்ந்த நீரில், மென்மையான சோப்பில், கசக்காமல் அலசுங்கள். கறை நீக்கும் நொதிகள் சேர்ந்த சலவைத்தூள் கம்பளியின் புரதத்தையும் அரிக்கும். குளோரின் வெளுப்பான் அதைக் கரைத்தே விடும். வியர்வையும் உணவுக்கறையும் படிந்த ஆடையைத்தான் அந்துப்பூச்சியின் புழு முதலில் தேடும் என்பதால், துவைத்து நன்றாக உலர்த்திய பிறகே மூடி வையுங்கள். கொடுக்கும்போது ஆடையைத் துண்டுகளாக வெட்ட வேண்டாம், ஏனெனில் ஒவ்வொரு வெட்டிலும் இழை குறுகுகிறது. உள்ளே தைத்திருக்கும் விவரத்துணியையும் பிய்த்துவிடாதீர்கள்; அது இருந்தால் நூலைக் கொளுத்திப் பார்க்கும் வேலையே பெரும்பாலும் மிச்சம். ஈரத்தோடு மட்டும் மூட்டை கட்டாதீர்கள்: ஒரே ஒரு ஈர ஆடையிலிருந்து பூஞ்சணம் பரவி, மூட்டை முழுவதையும் கழித்துவிட வேண்டிய நிலையைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.