சிவப்புப் பாசிக்குக் குளிசை போடாதீர்கள்

கொழும்பில் வீடுவீடாகப் போய்க் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். போன மாதம் வெள்ளவத்தையில், மரைன் டிரைவ் பக்கத் தொடர்மாடி ஒன்றிலிருந்து ஓர் ஐயா விடியற்காலையிலேயே அழைத்தார். "தம்பி, தொட்டிக்குள்ள இரத்தம் உறைஞ்ச மாதிரிக் கிடக்கு. நேற்று எரித்ரோமைசின் குளிசை கரைச்சு ஊத்தினனான். இப்ப மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது."

போனவுடன் காற்றுக்கல்லைப் போட்டு, பம்பின் வாயைத் தண்ணீரின் மேற்பரப்புப் பக்கம் திருப்பினேன். மீன்களுக்கு மூச்சு முட்டியதற்குக் காரணம் இதுதான்: பக்டீரியாவைக் கொல்லும் அந்த மருந்தில் செத்த சிவப்புப் படலம் அழுகும்போது தண்ணீரிலுள்ள ஒட்சிசனை இழுத்துவிடும். நம் ஊர் வெப்பத்தில் தண்ணீரில் ஒட்சிசன் கரைவதே குறைவு. அன்று ஒரு மஞ்சள் டாங் மீனைக் காப்பாற்ற முடியவில்லை. பேரப்பிள்ளை பெயர் வைத்து வளர்த்த மீன் அது.

பாசி என்று நாம் சொன்னாலும் இது பாசியே அல்ல. சயனோபக்டீரியா. செடியைப் போல வெளிச்சத்தில் உணவு தயாரிக்கும் பக்டீரியா. அடையாளம் காண்பது சுலபம். மெல்லிய குழாயின் நுனியால் மணலில் படலத்தின் ஓரத்தைத் தட்டினால், ஆறின பாலில் ஆடை எழும்புவது போல முழுத் துண்டாகக் கழன்று வரும். அதன்மேல் சின்னச் சின்னக் குமிழிகள் ஒட்டியிருக்கும். காலையில் மெலிந்து, மத்தியானம் தடித்துவிடும். கையில் எடுத்தால் சேற்று நாற்றம். உண்மையான பாசி கல்லைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு லேசில் வராது.

இது எங்கிருந்தோ புதிதாக வந்த நோய் அல்ல. எல்லாக் கடல் தொட்டியிலும் கொஞ்சம் இருக்கும். சாப்பாடும் தேங்கிய தண்ணீரும் கிடைத்தால் பரவும். ஐயாவின் வீட்டில் எல்லாமே கிடைத்திருந்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு கடல் பக்க ஜன்னலால் வெயில் நேரே தொட்டியில் விழுந்தது. அலை பம்ப் அடைபட்டுப் பாதி வேகத்தில் ஓடியது. உப்புகளை நீக்கும் ஆர்ஓ வடிகட்டியின் தண்ணீரை, கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் 38. பூச்சியத்தில் நிற்க வேண்டியது. பாசிக்கு உரமாகும் சத்துகளில் பொஸ்பேட் கூடுதல், 0.3; நைட்ரேட் பூச்சியம். நைட்ரேட் இல்லையென்றால் நல்லதுதானே என்று ஐயா கேட்டார். இல்லை. சில சயனோ வகைகள் நைட்ரேட்டுக்குப் பதிலாகக் கரைந்திருக்கும் நைதரசன் வாயுவையே எடுத்துப் பிழைக்கும். மற்றப் பாசிகள் பட்டினி கிடக்க, இவற்றுக்குப் போட்டியே இல்லாமல் போகிறது.

சரி, என்ன செய்தோம்? வடிகட்டிய தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் பம்பை நிறுத்திவிட்டு, விரலை விட மெல்லிய குழாயால் படலத்தை வாளிக்குள் உறிஞ்சி எடுத்தோம். (வாயால் இழுத்துத் தொடங்காதீர்கள்.) எடுத்த தண்ணீருக்குப் பதிலாக, சுத்தமான ஆர்ஓ தண்ணீரில் உப்புக் கலந்து, 1.025 அடர்த்தி பார்த்து ஊற்றினோம். பம்பைக் கழற்றி வினாகிரியில் ஊறவைத்துக் கழுவி, தண்ணீர் தேங்கும் மூலையைப் பார்த்து வைத்தோம். ஜன்னலுக்குத் திரை. மீன் சாப்பாடான உறைந்த மைசிஸை (இறால் மாதிரிச் சின்ன உயிரி) அப்படியே போடாமல், தேத்தண்ணி வடியில் உருகவிட்டு, அலசிய பிறகு கொஞ்சமாகப் போடச் சொன்னேன். படலத்தை உறிஞ்சித் தண்ணீர் மாற்றுவதைக் கிழமைக்கு இரண்டு தடவை, ஆறு கிழமை செய்யவேண்டியிருந்தது. மூன்று நாள் தொட்டியைப் போர்த்தி இருட்டில் வைக்கும் முறையும் உண்டு. காற்றுக்கல் ஓடவேண்டும். படலம் மறையும், ஆனால் காரணத்தைத் திருத்தாவிட்டால் திரும்பி வந்துவிடும்.

கரையில் போய்க் கடல்தண்ணீர் எடுத்து வருபவர்களும் இருக்கிறார்கள். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் கால்வாய்கள் கடலில் விழுகின்றன. அந்தத் தண்ணீரை ஊற்றுவது சயனோவுக்கு விருந்து வைப்பது.

தண்ணீர் பால்போல் வெளுத்தால் அது வேறு பக்டீரியா. பெரும்பாலும் நைட்ரேட்டைத் தின்னும் பக்டீரியாவை வளர்க்க வொட்கா ஊற்றி அளவு தப்பியவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். உடனே ஊற்றுவதை நிறுத்தி, காற்றைக் கூட்டுங்கள். நுரையால் அழுக்கை எடுக்கும் ஸ்கிம்மர் ஓடட்டும். அந்தப் பக்டீரியாவும் ஒட்சிசனைத்தான் தின்னும். 2022 மார்ச் கடைசியில் 13 மணிநேர மின்வெட்டு வந்தபோது பம்புகள் நின்று எத்தனை தொட்டிகள் ஒட்சிசன் இல்லாமல் போயின என்று நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பற்றரியில் ஓடும் காற்றுப் பம்ப் ஒன்றை வீட்டில் வையுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் கையுறை இல்லாமல் தொட்டிக்குள் கை விடாதீர்கள். மைக்கோபக்டீரியம் மரைனம் என்ற கிருமி காயத்தால் நுழைந்து, கிழமைகள் கழித்து ஆறாத கட்டியாக வரும். வைத்தியரிடம் போனால் மீன் தொட்டி இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவருக்கு அந்த யோசனை வராமலே போகலாம்.

ஐயா வீட்டுக்குப் போன சனிக்கிழமை போனேன். மணல் வெள்ளையாகத் தெரிந்தது. பின்பக்கக் கல்லின் அடியில் மட்டும் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் ஒரு சிவப்புத் திட்டு. குழாயை எடுத்துவர எழும்பினேன். "இரு தம்பி, அதை நான் எடுக்கிறன்" என்றார் ஐயா.