எழுதப்படாதது பூச்சியம் அன்று

கொழும்பில் சிறுநீரக நோயாளருக்கு உணவு ஆலோசனை வழங்கும் எனக்கு, உணவுகளின் போசணை அளவுகளைக் காட்டும் கைபேசிச் செயலியைத் திறந்து காட்டி, "இதில் பொற்றாசியம் பூச்சியம் என்றுதானே இருக்கிறது, மிஸ்?" என்று கேட்பவர்கள் புதியவர்கள் அல்லர். அண்மையில் அப்படிக் காட்டப்பட்டது பெட்டியில் அடைத்த இளநீர். இளநீரின் 100 கிராமில் ஏறத்தாழ 250 மில்லிகிராம் பொற்றாசியம் உண்டு. பொற்றாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளருக்கு அது ஆபத்தாகலாம்.

அந்தப் பெட்டியின் போசணை அட்டவணையில் பொற்றாசியம் என்ற வரியே இருக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஆம் இலக்க ஒழுங்குவிதி சக்தி, கொழுப்பு, நிரம்பிய கொழுப்பு, காபோவைதரேற்று, சீனி, புரதம், உப்பு ஆகியவற்றைத்தான் கட்டாயமாக்குகிறது. அமெரிக்காவோ 2016 ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் பொற்றாசியத்தையும் கட்டாயப் பட்டியலில் சேர்த்தது. ஆகவே ஒரே பானம் எந்தச் சந்தைக்காக அச்சிடப்பட்டது என்பதைப் பொறுத்து அந்த வரி இருக்கும் அல்லது இல்லாமற்போகும். வரி இல்லாத இடத்தில் செயலியின் தரவுத்தளம் தானாகவே 0 இட்டுக்கொண்டது. தவறு அங்கேதான் நிகழ்ந்தது.

தரவுத்தளம் அமைப்பவர்களுக்கு இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: "இல்லை" என்பதும் "சொல்லப்படவில்லை" என்பதும் வெவ்வேறு செய்திகள். தகவல் கிடைக்காத புலம், அதாவது தரவுத்தளத்தில் அந்தத் தகவலுக்கான கட்டம், வெறுமையாகவே இருக்க வேண்டும். திரையில் வெற்றிடம் அழகாக இல்லை என்பதற்காக அதை நிரப்பாதீர்கள். அச்சிடப்பட்ட பூச்சியமும் முழுப் பூச்சியம் ஆகிவிடாது. ஒரு பரிமாறலில் 0.5 கிராமுக்குக் குறைவான டிரான்ஸ் கொழுப்பை 0 என்றே எழுத அமெரிக்க விதி இடமளிக்கிறது. நான்கு பரிமாறல்களை ஒரே வேளையில் உண்பவருக்கு அந்தப் பூச்சியம் பொருந்தாது. எனவே எண்ணுக்கு ஒரு புலமும், அந்த எண் சரியான அளவா, "இதற்குக் குறைவு" என்ற வரம்பா என்பதைக் காட்ட இன்னொரு புலமும் தேவை. நாளாந்தக் கூட்டுத்தொகையில் ஓர் உணவின் பொற்றாசியம் தெரியாவிட்டால், "குறைந்தது இவ்வளவு, ஓர் உணவுக்குத் தகவல் இல்லை" என்று காட்டுங்கள். முழுமையானதுபோல் தோன்றும் குறைத்தொகையை நம்பித்தான் நோயாளி அடுத்த வேளை உணவைத் தீர்மானிக்கிறார்.

ஏனையவற்றைச் சுருக்கமாகவே சொல்கிறேன். உப்பையும் சோடியத்தையும் ஒரே புலத்தில் கலக்காதீர்கள், சோடியத்தை 2.5 ஆல் பெருக்கினால்தான் உப்பு. ஐரோப்பியச் சுட்டுத்துண்டின் காபோவைதரேற்றில் நார்ப்பொருள் சேராது, அமெரிக்கச் சுட்டுத்துண்டில் சேரும். எந்த நாட்டு முறை என்பதையும் பதியுங்கள். எண் 100 கிராமுக்கா, 100 மில்லிலீற்றருக்கா, ஒரு பரிமாறலுக்கா என்பது தெரியாவிட்டால் அந்த எண்ணால் பயனில்லை. பால்மாவுக்குத் தூளாக ஒரு கணக்கும் கரைத்த பின் வேறொரு கணக்கும் உண்டு. அச்சிட்டிருப்பதை அப்படியே ஒரு புலத்தில் வைத்து, நீங்கள் கணித்ததை வேறு புலத்தில் இடுங்கள்.

செயலியைப் பயன்படுத்துவோரிடம் ஒரு வேண்டுகோள். பொற்றாசியம், பொசுபரசு ஆகியவற்றுக்கு 0 என்று கண்டால், பெட்டியில் அந்த வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அந்த 0 ஐ நம்பி அருந்தாமல், சுட்டுத்துண்டைப் படம் எடுத்து, அடுத்த முறை கிளினிக் வரும்போது கொண்டுவாருங்கள்.