பயனாளியா, புழங்குவோரா?

கட்டடவியல் கருத்தரங்கு ஒன்றின் அழைப்பிதழ் வந்தது. தலைப்பு: ‘பயனாளி மைய நிலையான கட்டட வடிவமைப்பு’. இந்தத் தொடரை இந்த வருடத்தில் மூன்றாவது முறையாகப் பார்க்கிறேன். ஐந்து சொல்லில் இரண்டு தப்பு.

முதலில் ‘நிலையான’. ஆங்கிலத்தின் ‘சஸ்டெயினபிள்’ என்பதைத்தான் இப்படித் தமிழாக்குகிறார்கள். அது லத்தீன் வழி வந்த சொல். அடியிலிருந்து தாங்கிப் பிடிப்பது என்பது வேர்ப்பொருள். இன்று நாம் கொள்ளும் கருத்துக்கு, 1713-இல் சாக்சனியில் கார்லோவிட்ஸ் என்ற சுரங்க அதிகாரி காடு வளர்ப்பு பற்றி எழுதிய ஜெர்மன் நூலைக் காட்டுவார்கள். சுரங்கங்களும் உலைகளும் மரத்தைத் தின்றுகொண்டிருந்த காலம். வளர்கிற அளவுக்குத்தான் வெட்டலாம் என்பது அவர் கணக்கு. ஆக, அசையாமல் நிற்பதல்ல, குறையாமல் பார்த்துக்கொள்வது. தமிழிலோ நிலையான வைப்பு, நிலையான சொத்து என்று பழகிய காதுக்கு, நிலையான கட்டடம் என்றால் இடிந்து விழாத கட்டடம். எந்தக் கொத்தனார் அதற்குக் குறைந்து வாக்குக் கொடுக்கிறார்? இலங்கையில் நிலைபேறான, பேண்தகு என்கிறார்கள். எனக்குப் பிடித்தது ‘வளங்குன்றா’. (வளங்குன்றாக் கட்டடம் என்று ஒற்றுப் போட வேண்டும். கட்டடமா கட்டிடமா என்ற சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

அதையாவது பொறுத்துக்கொள்வேன். ‘யூசர்’ என்பதற்குப் போடும் ‘பயனாளி’யைத்தான் முடியவில்லை. முதலாளியிடம் முதல் உண்டு, நோயாளியிடம் நோய் உண்டு, பயனாளிக்குப் பயன் உண்டு, கொடுப்பவர் வேறொருவர். இலவச வீட்டுத் திட்டத்தின் பட்டியலில் பேர் இருப்பவர் பயனாளி. அவரிடம் ஜன்னல் எந்தப் பக்கம் வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டுக் கட்ட வேண்டும் என்று சொல்லும் துறைக்கே கேட்காமல் கொடுப்பதன் பெயரை வைத்தால் எப்படி? சரி, ‘பயனர்’ போடலாமே என்பார்கள். அது கடவுச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு பிறந்த சொல். ஒரு மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். படுத்திருப்பவர், இரவுப்பணி நர்ஸ், தரை துடைக்கும் அம்மா, வாசலில் தூக்குவாளியோடு காத்திருக்கும் உறவினர், இவர்களில் யார் பயனர்?

நம்மிடம் ‘புழங்கு’ இருக்கிறது. ‘ரெண்டு பேர் புழங்க இடம் போதாது’ என்கிறோமே, அதில் பயன்படுத்துவதும் நடமாடுவதும் ஒன்றாக இருக்கின்றன. மேலே சொன்ன நால்வருமே அங்கே புழங்குவோர். புழக்கடையையும் சாட்சிக்கு இழுக்க ஆசைதான். ஆனால் அது புழைக்கடை, புழை என்றால் சிறுவாயில். கொச்சையாக இல்லையா என்று ஒரு மொழிபெயர்ப்பாளர் நண்பர் முகம் சுளித்தார். வீட்டில் எல்லாரும் பேசுவதுதான் அந்தச் சொல்லின் குற்றம் போலும்.

இது வெறும் சொல் சண்டை இல்லை. வளங்குன்றா வளர்ச்சி என்றால் என்ன என்று 1987-இல் ஐ.நா. ஆணையத்தின் புருன்ட்லாந்து அறிக்கை சொன்ன புகழ்பெற்ற வரையறையிலேயே ‘தேவை’ இரண்டு முறை வருகிறது: இன்றுள்ளவர்களின் தேவை, நாளை வருபவர்களின் தேவை. கட்டடத்தில் அதை மறந்தால் என்ன ஆகும்? வெளிச்சம் வேண்டுமென்று கண்ணாடிச் சுவர் வைப்பார்கள். வெயில் கண்ணைக் கூசும். உள்ளே இருப்பவர் திரையை இழுத்துவிட்டுப் பட்டப்பகலில் ட்யூப்லைட் போடுவார். வரைபடத்தில் மிச்சமான மின்சாரம் மீட்டரில் ஓடும். கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் திருவனந்தபுரத்தில் வளர்ச்சி ஆய்வு மையத்தைக் கட்டியபோது ஜாலிச் சுவர் வைத்தார். செங்கல்லை ஓட்டை விட்டு அடுக்கினால் காற்றும் வரும், கூசாத வெளிச்சமும் வரும், ஜன்னல் செலவும் மிச்சம். உள்ளே இருப்பவர் என்ன செய்வார் என்று யோசித்து வைத்த சுவர் அது.

அப்புறம் அழைப்பிதழின் இரண்டாம் பக்கம். ஆட்கள் குடிவந்த பிறகு, கட்டடம் எப்படி இருக்கிறது என்று அவர்களிடமே கேட்டு, மீட்டரையும் பார்த்து எழுதும் ஆய்வு ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் ‘போஸ்ட் ஆக்யுபன்சி இவாலுவேஷன்’. அதற்கு இவர்கள் போட்டிருக்கும் பெயர் ‘ஆக்கிரமிப்புக்குப் பிந்தைய மதிப்பீடு’. வாசித்தால் தாசில்தார் புல்டோசரோடு வருகிறார் என்றுதான் தோன்றும். ‘குடிபுகுந்தபின் ஆய்வு’ என்றால் போதும்.