கணினி சீட்டைக் கலைப்பது எப்படி?

“கம்ப்யூட்டரில் பிளாக்ஜாக் ஆடினால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன். என் சீட்டைப் பார்த்துவிட்டுத்தான் டீலருக்குச் சீட்டு போடுகிறதா?” என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

பிளாக்ஜாக்கில் சீட்டுகளின் மதிப்பைக் கூட்டி, 21-ஐத் தாண்டாமல், சீட்டு போடும் டீலரைவிட அதிகம் சேர்க்க வேண்டும். டீலர் ஜெயிக்க அந்தத் தில்லுமுல்லு தேவையில்லை. நீங்கள் முதலில் ஆடி 21-ஐத் தாண்டினால் பந்தயப் பணம் அப்போதே போய்விடும். பின்னால் டீலரும் தாண்டினாலும் அது திரும்பாது. டீலரின் லாபமே அதுதான்.

கணக்கு எளிது. படச்சீட்டுக்கு 10, ஏஸுக்கு 1 அல்லது 11, டீலர் 17 வரும்வரை எடுக்க வேண்டும். புதிதாக நிரல் எழுதுகிறவர்கள் ஏஸில்தான் தடுக்கி விழுவார்கள். எல்லா ஏஸையும் 1 என்றே கூட்டுங்கள். கையில் ஏஸ் இருந்து மொத்தம் 11-க்கு மேல் போகவில்லை என்றால் 10 சேருங்கள். இரண்டு ஏஸ் வந்தாலும் சரியாக 12 கிடைக்கும்.

உண்மையான அழகு சீட்டைக் கலைப்பதில் இருக்கிறது. 52 சீட்டையும் வரிசையாக வைத்து, கடைசி இடத்திலிருந்து தொடங்குங்கள். 1 முதல் 52 வரை ஏதோ ஓர் எண்; அந்த இடத்துச் சீட்டும் 52-ஆம் சீட்டும் இடம் மாறட்டும். அடுத்து 51-ஆம் இடம், இப்போது எண் 1 முதல் 51 வரை மட்டும். இப்படியே இறங்கினால் 51 இடமாற்றத்தில் வேலை முடிந்தது. புள்ளியியலாளர்கள் ஃபிஷர், யேட்ஸ் இருவரும் 1938-இல் காகிதத்தில் செய்வதற்குத் தந்த முறையை, 1964-இல் டர்ஸ்டன்ஃபெல்ட் என்பவர் கணினிக்கு ஏற்ப இப்படி மாற்றினார்.

ஒவ்வொரு முறையும் 1 முதல் 52 வரை எடுத்தால் என்ன? மூன்று சீட்டை வைத்துப் பாருங்கள். 3×3×3 = 27 வழிகள்; வரிசைகளோ 6. இருபத்தேழை ஆறு பேருக்குச் சமமாகப் பங்கிட முடியாது. மூன்று வரிசைகள் ஐந்து வழிகளிலும், மற்ற மூன்று நான்கு வழிகளிலும் வரும். திரையைப் பார்க்கிறவருக்கு இந்தச் சாய்வு தெரியவே தெரியாது. சரியான முறையில் 3×2×1, ஆறுக்கு ஆறு. இத்தனை சின்ன வாதம் ஒரு நிரலின் நேர்மையையே தீர்மானிப்பது எனக்கு அலுக்காத வியப்பு.

கலைக்கும் முறை சரியாக இருந்தாலும் எண் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியம். 52 சீட்டின் வரிசைகளை எண்ணினால் 68 இலக்கம். சாதாரண நிரல் ஒரு தொடக்க எண்ணை வைத்துத்தான் மற்ற எண்களைக் கணக்கிடுகிறது; தொடக்க எண் ஒன்றே என்றால் சீட்டு வரிசையும் ஒன்றே. 32 பிட் (32 இரும இலக்கம்) தொடக்க எண்ணிலிருந்து பிறப்பதோ அதிகபட்சம் சுமார் 429 கோடி வரிசைகள். 1999-இல் ஓர் இணையப் போக்கர் நிரல், நள்ளிரவிலிருந்து கடந்த மில்லி வினாடிகளைத் தொடக்க எண்ணாக வைத்திருந்தது. ஒரு நாளைக்கு 8.64 கோடிதான். கடிகாரத்தைப் பொருத்திக்கொண்டு, தெரிந்த ஐந்து சீட்டுகளை வைத்தே மீதி வரிசையை அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பணம் புழங்கும் ஆட்டத்தில் இயங்குதளம் தரும் பாதுகாப்பான எண்களைத்தான் எடுக்க வேண்டும்.

அமெரிக்கக் கணிதவியலாளர் எட்வர்ட் தார்ப் ஐபிஎம் 704 கணினியில் கணக்கிட்டு, 1962-இல் புத்தகமாக வெளியிட்ட சீட்டு எண்ணும் உத்தி, அதாவது வந்துபோன சீட்டுகளைக் கணக்கு வைத்துப் பந்தயம் கட்டுவது, இங்கே பலிக்குமா? போன சீட்டு கட்டில் இல்லை என்பதுதான் அதன் உயிர். பல கணினி ஆட்டங்கள் ஒவ்வொரு கைக்கும் முழுக்கட்டைக் கலைக்கின்றன. எண்ணி வைத்தது அங்கேயே செத்துவிடும். “ஐந்து முறை தோற்றாச்சு, அடுத்தது நமக்குத்தான்” என்பதும் அங்கே சுத்த மூடநம்பிக்கை. கட்டுக்கு நினைவு கிடையாது. அதற்குப் பதில் முதல் இரண்டு சீட்டிலேயே 21 (இதற்கும் பிளாக்ஜாக் என்றே பெயர்) வந்தால் 100-க்கு 150 தருகிறதா, 120 தருகிறதா என்று பாருங்கள். அந்த 30 குறைந்தாலே டீலரின் சாதகம் சுமார் 1.4% ஏறிவிடுகிறது.